சுழலாத ஊசிக்கு எதற்கு இத்தனை கிரீஸ்?

ஜீப்பின் அடியில் படுத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். சக்கரத்துக்குள் இருக்கும் வீல் பேரிங், வண்டி நகரும் நேரமெல்லாம் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை கிரீஸ் வைத்து மூடினால் பல்லாயிரம் கிலோமீட்டர் வரை அதைத் தொட வேண்டியதில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனைகளிலும் 'யூஜே கிராஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் பேரிங் ஒருநாளும் முழுச் சுற்று சுற்றுவதில்லை, இருந்த இடத்திலேயே இம்மியளவு அசைகிறது. ஆனால் மெக்கானிக் கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு முதலில் போவது அதனிடம்தான். அதிகம் ஓடுவதற்குக் குறைவாகவும் குறைவாக அசைவதற்கு அதிகமாகவும் கிரீஸ் கொடுப்பது ஏன்?

இதற்கு விடை தெரிந்துகொண்டால், வீட்டு வாசலில் நீங்களே கிரீஸ் அடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எது போதும், எது போதாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இந்த யூஜே என்ற மூட்டு எதற்கு என்று பார்ப்போம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேஸிஸில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை. பின் ஆக்ஸில் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடுவது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியும். ஒரு பாறையில் சக்கரம் ஏறும், அடுத்த நொடியே பள்ளத்தில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரே நேர்க்கம்பியைப் போட்டு இறுக்கினால் முதல் பள்ளத்திலேயே அது முறிந்துவிடும். வளைந்துகொண்டே சுழலக்கூடிய இணைப்பு அங்கே தேவை. அதுதான் யுனிவர்சல் ஜாயின்ட், சுருக்கமாக யூஜே. தமிழில் 'எத்திசை மூட்டு' எனலாம்.

அதன் அமைப்பு எளிமையானது. ஷாஃப்டின் முனையில் கவை போன்ற ஒரு துண்டு, யோக் என்பார்கள். எதிர்ப்புறத்திலும் அதேபோல ஒரு கவை, ஆனால் குறுக்காகத் திரும்பியிருக்கும். இரண்டுக்கும் நடுவே கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு. அதுதான் கிராஸ். அதன் நான்கு கைகளில் எதிரெதிரான இரண்டு ஒரு கவையிலும் மற்ற இரண்டு இன்னொரு கவையிலும் உட்காரும். ஒவ்வொரு கையின் மேலும் ஒரு சிறிய கிண்ண மூடி, பட்டறையில் 'கப்' என்பார்கள். கப்புக்கும் கைக்கும் இடையே, சுற்றிலும் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய எஃகு உருளைகள். ஊசி மாதிரி இருப்பதால் அவற்றுக்கு ஊசித் தாங்கி, அதாவது நீடில் பேரிங் என்று பெயர்.

இந்த மூட்டுக்கு ஐரோப்பாவின் பல மொழிகளில் 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் ஜெரோலமோ கார்டானோவின் பெயரும், ஆங்கிலத்தில் ராபர்ட் ஹூக்கின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்பிரிங் விதிக்காகப் பள்ளியில் நாம் படித்த அதே ஹூக்தான். வானியல் கருவிகளுக்காக இந்த மூட்டை அவர் பயன்படுத்தினார், 1676இல் அதைப் பற்றி எழுதினார். வளைந்த நிலையில் இந்த மூட்டு சுழலும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். இதைக் குறையென்று ஒதுக்காமல், சூரியக் கடிகாரத்தில் மணிக்கோடுகளின் சீரற்ற இடைவெளியை வரைய அதையே பயன்படுத்தலாம் என்று காட்டினார்.

வண்டியில் இந்தச் சீரின்மை எவ்வளவு பெரியது? மூட்டு 20 டிகிரி வளைந்திருக்க, கியர்பாக்ஸ் பக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் சீராகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 940க்கு இறங்கி 1064க்கு ஏறும். 10 டிகிரியில் இந்த ஊசலாட்டம் 985க்கும் 1015க்கும் இடையில் அடங்கிவிடும். அதனால்தான் ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு மூட்டு. இரண்டின் கோணமும் சமமாக இருந்து, ஷாஃப்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால், முதல் மூட்டு கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். பற்களால் கோத்திருக்கும் ஷாஃப்டைப் பிரித்து மீண்டும் கோக்கும்போது பல் மாறிப் பூட்டிவிட்டால் வண்டி காரணம் தெரியாமல் அதிரத் தொடங்குவது இதனால்தான். பிரிப்பதற்கு முன் இரு பக்கமும் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

மோட்டார் வண்டிகளில் இந்த மூட்டு நிலைபெறக் காரணமானவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவர் காலத்து வண்டிகள் பலவும் சைக்கிளைப்போலச் சங்கிலியால் சக்கரத்தை ஓட்டின. சங்கிலி தூசியில் தேயும், அறுந்தும் போகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பைசர், தூசி புகாதபடி மூடி, உள்ளே மசகு தங்கும்படி இந்த மூட்டை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். மூட்டை வளைய வைப்பதோடு வேலை முடியவில்லை, அதற்குள் மசகைத் தங்க வைப்பதுதான் நிஜமான சவால் என்பது தொடக்கத்திலேயே புரிந்திருந்தது.

இப்போது ஊசிகளுக்கு வருவோம். ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால், கிராஸின் கை தன் கப்புக்குள் சுற்றுவதில்லை. மூட்டு எத்தனை டிகிரி வளைந்திருக்கிறதோ அத்தனை டிகிரி மட்டும் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. 5 டிகிரி வளைவு, 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள கை என்று கணக்குப் போட்டால், ஊசி ஒவ்வொன்றும் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1700 முறை சுற்றுகிறது. எனவே ஊசி அந்தத் துளி இடத்துக்குள் நிமிடத்துக்கு 1700 முறை போய்வருகிறது. எஞ்சினின் இழுவை முழுதும் அந்த மெல்லிய ஊசிகளின் மேல்தான்.

இதில் என்ன ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள 1883க்குப் போக வேண்டும். பிரிட்டனில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுத் தாங்கிகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், அது வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையைச் செருகினார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியை மாட்டியபோது, அச்சின் மேல் ஏற்றியிருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைப்போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சு எண்ணெயை இழுத்துச் சென்று தனக்கும் தாங்கிக்கும் இடையே ஆப்பு போலச் செருகுகிறது, அந்த எண்ணெய்ப் படலமே மொத்தச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணிதத்தால் விளக்கினார். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. வீல் பேரிங் நெடுநாள் வாழ்வதன் இரகசியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் படலம் உருவாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே திசையில் தொடர்ந்து ஓட்டம் வேண்டும். நம் ஊசியோ ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. நின்ற கணத்தில் படலம் இல்லை. பிதுங்கி ஒதுங்கிய கிரீஸ் திரும்பி வந்து சேர்வதற்குள் ஊசி அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. எஃகு எஃகைத் தொடுகிறது. கண்ணுக்குத் தெரியாத முனைகள் ஒட்டிக் கிழிகின்றன, கிழிந்த துகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்புத் தூளாகிறது. அந்தத் தூளே பிறகு உப்புத்தாள் போலத் தேய்க்கத் தொடங்குகிறது. லோ கியரில் மலையேறும்போது நிலைமை இன்னும் மோசம். வேகம் குறைவு, விசை பலமடங்கு. இரண்டும் படலத்துக்கு எதிரிகள்.

சிற்றசைவு பெருஞ்சுழற்சியைவிடக் கொடியது என்பதற்கு நேரடிச் சான்று அமெரிக்காவில் 1930களில் கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம்புதுக் கார்களின் வீல் பேரிங்குகள், யாரும் ஓட்டுவதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தன. சக்கரம் சுற்றவேயில்லை, ரயிலின் அதிர்வில் பேரிங் குண்டுகள் இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மன் 1937இல் இதை ஆராய்ந்து எழுதினார். பயணத் தூரம் கூடக் கூடச் சேதமும் கூடியது, குளிர்காலத்தில் போன கார்களில் சேதம் இன்னும் அதிகம். குளிரில் கிரீஸ் இறுகிவிடும், ஒதுங்கியது திரும்பி வராது.

பட்டறையில் கழற்றிப்போட்ட பழைய கிராஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கப்பை உருவித் துடைத்தால், கையின் மேல் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளங்கள் தெரியும். நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தட்டும். இடைவெளி ஏறத்தாழ ஓர் ஊசியின் அகலம். ஒவ்வோர் ஊசியும் தன் இடத்தைவிட்டு நகராமல் தனக்கான குழியைத் தானே தோண்டியிருக்கிறது. வண்டியை முன்னும் பின்னும் மாற்றும்போது வரும் 'டொக்' சத்தம் அந்தக் குழிகளால் மூட்டில் உண்டான தளர்வால் வரலாம். மூட்டை முற்றிலும் நேராக வைக்காமல், வடிவமைப்பிலேயே ஓரிரு டிகிரி சாய்வு விடுவதும் இதனால்தான். சாய்வே இல்லாவிட்டால் ஊசி கொஞ்சமும் உருளாது, குழி இன்னும் சீக்கிரம் விழும்.

ஆக, இந்த மூட்டுக்குக் கிரீஸ் செய்யும் வேலை வேறு. தானாகப் படலம் அமையாத இடத்தில், தேய்ந்த தூளையும் நீரையும் வெளியே தள்ளிவிட்டு, ஊசிகளைப் புது மசகில் மூழ்க வைப்பது. உள்ளே கொஞ்சம் இருந்தால் போதும் என்பது இங்கே பொருந்தாது, பழையது வெளியேற வேண்டும்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி சாதாரண உயவெண்ணெய்தான். அதோடு கலந்திருப்பது ஒருவகைச் சோப்பு. சோப்பின் நுண்ணிழைகள் பின்னி வலையாகி, ஊறிய தேங்காய் நார் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதுபோல எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன. அழுத்தம் வந்தால் எண்ணெய் கசிந்து உலோகத்தை நனைக்கிறது. இன்று பெருவழக்கில் உள்ளது லித்தியம் சோப்பு. அதற்கான கொழுப்பமிலம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. உலகின் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாகக் குஜராத்தில் விளைகிறது. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போட்ட நம் முன்னோரும் அதே விதையைத்தான் நம்பினார்கள். அச்சில் பட்டால் வழிந்து ஓடாமல் ஒட்டி நிற்கும் அதன் குணத்தை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

டப்பாவின் மேல் 'என்எல்ஜிஐ 2' என்று போட்டிருக்கும். அது கெட்டித்தன்மையின் அளவு. 25 டிகிரி வெப்பத்தில் கிரீஸின் மேல் ஒரு கூம்பை விட்டு, 5 நொடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 2ஆம் தரம். 'ஈபி' என்ற எழுத்துகளும் இருந்தால், படலம் அறுந்த இடத்தில் எஃகோடு வினைபுரிந்து காப்புப்பூச்சாக நிற்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் உண்டு என்று பொருள். நம் ஊசிகளுக்கு அது அவசியம். வண்டிக் கையேடு வேறொன்றைச் சொன்னால் கையேட்டின் பேச்சையே கேளுங்கள். வேறு வகைச் சோப்பு கிரீஸ்களைக் கலக்காதீர்கள். சில சோடிகள் சேர்ந்தால் வலை கலைந்து, எண்ணெய் தண்ணீராய் வழிந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். கரடுமுரடுப் பாதைக்கான வண்டிகள் உயரமானவை, பெரும்பாலும் ஜாக்கி போடாமலே அடியில் நுழைந்துவிடலாம். அதுவே நல்லது. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைபிரேக்கும் கியரும் போதும் என்று நினைக்க வேண்டாம். முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டிருந்தும் வண்டி உருளும். பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும், தரையில் உள்ள சக்கரம் உருளும், வண்டி உங்கள் மேலே நகரும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

கிரீஸ் நிப்பிள் கிராஸின் நடுவிலோ கப்பின் தலையிலோ இருக்கும். உள்ளே ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்கும், கிரீஸ் உள்ளே போகும், வெளியே வராது. ஆஸ்திரியரான ஆஸ்கர் செர்க் 1920களில் செம்மைப்படுத்திய அமைப்பு இது. முதலில் நிப்பிளைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். அதன் வாயில் ஒட்டிய மணலை நீங்களே பேரிங்குக்குள் தள்ளிவிடக் கூடாது. நிப்பிள் மேல்பக்கம் மறைந்திருந்தால் வெளியே வந்து, கட்டையை எடுத்து, வண்டியை ஓர் அடி தள்ளி, மீண்டும் கட்டை வையுங்கள். ஓர் அடிக்கு ஷாஃப்ட் ஏறத்தாழ அரைச்சுற்றுத் திரும்பிவிடும்.

கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அழுத்துங்கள். கைப்பிடி கிரீஸ் கன் காற்றழுத்தத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் தரக்கூடியது. கசியும் ஹோஸையோ முனையையோ விரலால் அடைக்காதீர்கள். தோலைத் துளைத்து கிரீஸ் உள்ளே போனால், காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

சில அழுத்தங்களுக்குப் பிறகு கப்பின் ஓரத்திலுள்ள சீல் லேசாக உப்பி, கருத்த பழைய கிரீஸ் நூலாக எட்டிப் பார்க்கும். வீல் பேரிங் சீல் இப்படிப் பிதுங்கக் கூடாது, இந்தச் சீலோ பிதுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நிறுத்தாமல் தொடருங்கள், நிறம் மாறிப் புது கிரீஸ் வரும்வரை. இப்போதுதான் பெரும்பாலோர் தவறவிடும் இடம் வருகிறது. ஒரே நிப்பிளிலிருந்து நான்கு கைகளுக்கும் வழி போகிறது. கிரீஸோ தடை குறைந்த வழியில் போகும். மூன்று கப்பில் வந்துவிட்டு நான்காவதில் வராமலே இருக்கலாம். அந்த நான்காவதுதான் நாளை உடையப்போவது. ஷாஃப்டைக் கையால் பிடித்து அந்தக் கப்பின் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே அழுத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், ஓரத்தில் சிவப்புத் தூள் தெரிந்தால், வெளிவரும் கிரீஸில் உலோகத் துகள் மின்னினால், கிராஸையே மாற்றுவதுதான் வழி.

பால்போல வெளுத்த கிரீஸ் வந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது நடப்பது இது: ஓடிச் சூடான மூட்டு குளிர்ந்த நீரில் இறங்குகிறது, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, சீலின் ஓரமாக நீரை உள்ளே உறிஞ்சுகிறது. எனவே நீரில் இறங்கிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் வீடு திரும்பியதும் கிரீஸ் அடித்துவிடுங்கள்.

ஷாஃப்டின் நடுவே நீண்டு குறுகும் ஸ்லிப் ஜாயின்டுக்கும் ஒரு நிப்பிள் இருக்கலாம். அங்கே மட்டும் சிக்கனம் வேண்டும். உள்ளே நிரப்பி அடைத்துவிட்டால், ஆக்ஸில் மேலே ஏறும்போது ஷாஃப்ட் சுருங்க இடமின்றிக் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தள்ளும். கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். முன்சக்கரங்களுக்குப் போகும் அச்சில் ரப்பர் உறைக்குள் இருப்பது வேறுவகை மூட்டு, சிவி ஜாயின்ட். அதற்கு நிப்பிள் கிடையாது, உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது நிப்பிளே இல்லாத, ஆயுளுக்கும் மூடிய கிராஸ்கள் நிறைய வந்துவிட்டன. கிரீஸ் போகத் துளை போடாததால் அவை சற்று வலுவானவை, தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு நல்ல தேர்வு. ஆனால் சேறும் ஆறும் கடக்கும் வண்டிக்கு நிப்பிள் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். மூடிய மூட்டுக்குள் ஒருமுறை நீர் போய்விட்டால் அதை வெளியேற்ற வழியே இல்லை.

முன்முனைக் கிராஸ் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்தி வண்டியையே புரட்டிவிடலாம். ஒரு டப்பா கிரீஸும் ஒரு பழந்துணியும் அதைத் தடுக்கும். அடுத்தமுறை அடியில் படுக்கும்போது, நான்கு கப்பிலும் புது கிரீஸ் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் கன்னைக் கீழே வைக்காதீர்கள்.